ஏஜென்ட் நம்மட ஆள் இல்லை

போன மாதம் எங்கள் ஞாயிறு சந்திப்பில் ஒரு நாவலைப் பற்றிப் பேசுவதாகத்தான் இருந்தது. பேசவில்லை. கற்பிட்டிப் பக்கத்திலிருந்து வந்த தம்பி ஒருவர் வட்ஸ்அப்பில் வந்த ஒரு போஸ்டரை எல்லோருக்கும் காட்டினார். கட்டார், சுப்பர்மார்க்கெட் வேலை, 40 பேர், சாப்பாடு தங்குமிடம் இலவசம், இன்டர்வியூ புத்தளத்தில். கீழே ஒரு போன் நம்பர். அதில் ஏஜென்சியின் பெயரும் இல்லை, லைசன்ஸ் நம்பரும் இல்லை, பணியகத்தின் அனுமதி இலக்கமும் இல்லை. கட்டாருடைய கொடி மட்டும் பெரிசாக இருந்தது.

"இது பொய்" என்று ஒருவர் சொன்னார். "பொய் இல்ல, அந்த நம்பர் எங்கட சாச்சாட மச்சானுடையது, அவர் ஏற்கனவே ஊருல பத்துப் பேரை அனுப்பியிருக்கார்" என்றார் தம்பி. அதோடு நாவல் போய்விட்டது. மூன்று மணித்தியாலம் இதையே பேசினோம். அங்கே இருந்த பதினொரு பேரில் ஒன்பது பேருடைய வீட்டிலிருந்து யாரோ ஒருவர் வெளிநாடு போயிருக்கிறார். அந்த ஒன்பது பேரும் ஓர் ஏஜென்ட்டின் வழியாகத்தான் போயிருக்கிறார்கள். ஆனால் அந்த ஏஜென்ட்டுடைய உண்மையான வேலை என்ன, அவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார், அவரிடம் நாம் எதை எதிர்பார்க்கலாம் என்று கேட்டால் ஒருவருக்கும் சரியான பதில் தெரியவில்லை. எங்களுக்கும்தான். அன்றைக்குப் பேசியதும், பிறகு தேடிப் பார்த்ததும், வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு அறிந்ததும் சேர்ந்ததுதான் இது.

எங்கள் கரையோரத்தை ஒருமுறை நீளமாகப் பாருங்கள். தெற்கே வென்னப்புவ, மாரவில. அங்கே இத்தாலிக்குப் போகாத வீடு குறைவு. இத்தாலிப் பாணியில் கட்டிய பெரிய வீடுகளைப் பார்த்து அந்தப் பக்கத்தை 'சின்ன இத்தாலி' என்பார்கள். அதிலும் ஒரு பகுதியினர் 90களில் மீன்பிடி ட்ரோலரில் ஏறிப் போனவர்கள். கொஞ்சம் மேலே வந்தால் சிலாபமும் உடப்பும். 2012இல் ஒஸ்திரேலியாவுக்குப் படகேறிய இளைஞர்களை அங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்கும் மேலே முந்தல், பாலாவி, புத்தளம், கற்பிட்டி. இங்கே எல்லாம் வளைகுடாதான். உம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும், பிள்ளைகள் கட்டாருக்கும் டுபாய்க்கும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து இறங்கியது இந்தக் களப்பைச் சுற்றித்தான். கிடுகுக் கொட்டிலில் இருந்தவர்களுக்குக் கல்வீடு என்பது சவூதியிலிருந்து வந்த காசுதான். உப்பளமும் இறால் பண்ணையும் வெங்காயத் தோட்டமும் நாட்கூலி கொடுக்கும், வீடு கட்ட உதவாது. நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல் மின் நிலையம் வந்தது. புகை எங்களுக்கு வந்தது, வேலை எத்தனை பேருக்கு வந்தது என்பதை அந்தப் பக்கத்து ஆட்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே போவது தப்பு என்று எழுத வரவில்லை. 2022இல் நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது ஒரே வருடத்தில் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்கென்று பதிவு செய்து வெளியேறினார்கள். 2024இல் இப்படிப் போனவர்கள் அனுப்பிய பணம் 6.5 பில்லியன் டொலருக்கு மேல். நாட்டைத் தூக்கி நிறுத்தியவர்கள் என்று மேடையில் புகழ்வார்கள். மேடை முடிந்ததும் அவர்களை ஏஜென்ட்டின் கையில் விட்டுவிடுவார்கள். எங்களுடைய கோபம் அந்த இடத்தில்தான்.

முதலில் காசு எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும்.

எங்களில் ஒருத்தியின் உம்மா முதல் முறை சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எங்கள் தோழிக்கு ஆறு வயது. போவதற்கு முந்தின கிழமை ஊர் சப் ஏஜென்ட் வீட்டுக்கு வந்து காசு கொடுத்தார். உம்மா கொடுக்கவில்லை, ஏஜென்ட்தான் கொடுத்தார். அந்தக் காசில் கூரைத் தகரம் மாற்றினார்கள், கடைக் கடன் அடைத்தார்கள், தோழிக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கினார்கள். "அந்த மாமா எவ்வளவு நல்லவர் என்டு நான் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தன்" என்று அவள் சொன்னாள். இரண்டாவது மாதம் உம்மா போன் எடுத்து அழுதார். அந்த வீட்டில் இரவு ஒரு மணிக்குத்தான் படுக்கை, ஒருநேரச் சாப்பாடு, திரும்பி வர வேண்டும். வாப்பா அதே மாமாவிடம் ஓடினார். அப்போதுதான் அந்தக் காசு என்னவென்று தெரிந்தது. "மூணு மாசம் முடியாம வந்தா நான் குடுத்ததும் டிக்கெட் செலவும் நீங்கதான் கட்டணும்." உம்மா மூன்று மாதம் இருந்தார். அப்படியே இரண்டு வருடம் இருந்தார்.

இந்த மூன்று மாதக் கணக்கு அந்த மாமா கற்பனையில் கண்டுபிடித்தது இல்லை. வளைகுடாவில் ஒரு வீட்டுக்காரர் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் அங்குள்ள ஏஜென்சிக்குப் பெரிய தொகை கட்டுகிறார். அதில் ஒரு பங்கு இலங்கை ஏஜென்சிக்கு வருகிறது. அதில் ஒரு துண்டு ஊர் சப்புக்கு. அதிலும் ஒரு துண்டுதான் பெண்ணின் கையில் 'அட்வான்ஸ்' என்று வைக்கப்படுகிறது. சவூதியில் வீட்டுப் பணியாளருக்குத் தகுதிகாண் காலம் 90 நாள் வரை இருக்கலாம் என்று விதிகள் சொல்கின்றன. அந்தக் காலத்துக்குள் பணிப்பெண் திரும்பினால், ஓடினால், வேலை செய்ய மறுத்தால், வீட்டுக்காரருக்கு வேறு ஆளையோ காசையோ திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு ஏஜென்சியிடம் வரும். கடையில் மின்விசிறி வாங்கினால் கிடைக்கும் வாரண்டி மாதிரி. வாரண்டி வீட்டுக்காரருக்கு. மின்விசிறி நம்மட உம்மா.

இதைச் சொல்லும்போது எங்கள் தோழி கொஞ்ச நேரம் பேசவில்லை. நாங்களும் வேறு ஒப்புமை தேடினோம், இதைவிடச் சரியானது கிடைக்கவில்லை.

ஏஜென்ட் கெட்டவர் என்றோ நல்லவர் என்றோ நாங்கள் சொல்லவில்லை. அவருக்குக் காசு கொடுப்பது யார் என்று பாருங்கள், அவர் யாருடைய ஆள் என்று தெரியும். இது வீட்டு வேலைக்கு மட்டும் இல்லை. லண்டனில் நிதி நிறுவனங்களுக்கு மட்டும் ஆள் பிடித்துக் கொடுக்கும் நிறுவனம் ஆனாலும், சிங்கப்பூரில் கணினிப் பொறியியலாளரை மட்டும் தேடும் நிறுவனம் ஆனாலும் கம்பனிதான் கட்டணம் கொடுக்கிறது. ஆகவே அது கம்பனிக்கு ஆள் தேடுகிறது. நமக்கு வேலை தேடவில்லை. நல்ல ஆட்சேர்ப்பாளர் இதை வெளிப்படையாகச் சொல்வார். "இந்த வேலைக்கு நீங்க சரிவரமாட்டீங்க" என்றும் சொல்வார். அப்படிச் சொல்லும் ஏஜென்ட்டை எங்கள் ஊரில் யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

ஆம்பிளைகளுடைய கதை தலைகீழ். அவர்கள் காசு கட்ட வேண்டும். சர்வதேசத் தொழில் அமைப்பின் 1997ஆம் ஆண்டின் 181ஆம் இலக்க சமவாயமும், அதே அமைப்பு 2016இல் வெளியிட்ட நியாயமான ஆட்சேர்ப்புக் கோட்பாடுகளும் ஒரே விடயத்தைத்தான் சொல்கின்றன: ஆட்சேர்ப்புச் செலவை வேலை கொடுப்பவர் ஏற்க வேண்டும், வேலை தேடுபவரிடம் வாங்கக் கூடாது. கப்பல் வேலைக்கும் அப்படியே. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் கப்பல் தொழிலாளியிடம் ஆட்சேர்ப்புக் கட்டணம் வாங்குவதைத் தடுக்கிறது. ஆனால் 'கப்பலுக்கு ஆள் எடுக்கிறாங்க, ரெண்டு லட்சம் கட்டினா போதும்' என்று கேள்விப்படாத பொடியன் எங்கள் கரையில் இருக்கிறானா?

காசு கட்டியதால் ஏஜென்ட் நம்மட ஆளாக மாறிவிடுகிறாரா என்றால், அதுவும் இல்லை. இரண்டு பக்கமும் வாங்குகிறார், அவ்வளவுதான். நாம் நகை அடகு வைத்துக் கட்டிய பிறகு நம்மால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. முந்தல் பக்கத்து அண்ணன் ஒருவர் டிரைவர் வேலை என்று கையெழுத்து வைத்தார். விமானத்துக்கு முந்தின நாள் மருதானையில் ஏஜென்சி ஒபிஸில் வேறொரு ஒப்பந்தம் நீட்டினார்கள். அரபியும் இங்கிலீசும். "இது சும்மா போர்மாலிட்டி தம்பி, மற்றது மாதிரியேதான்." அங்கே போய்ப் பார்த்தால் பண்ணை வேலை, சம்பளம் சொன்னதில் பாதி. வீட்டில் நகை அடகில். வட்டி ஓடுகிறது. திரும்பி வருவதற்கு அவரால் முடியாது, அவரும் வரவில்லை. முதல் ஒப்பந்தத்தின் பிரதி அவரிடம் இருந்திருந்தால் தூதரகத்தில் முறையிட்டு ஏதாவது செய்திருக்கலாம். அதை ஏஜென்சி 'பைலுக்கு வேணும்' என்று திருப்பி வாங்கிக்கொண்டது.

இனி றிசானா நபீக். எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர் பாடசாலைக் காலத்து நினைவு. 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதியில் தலை துண்டிக்கப்பட்ட மூதூர்ப் பிள்ளை. அவரைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி சவூதிச் சட்டத்தைப் பற்றியது. அதற்குள் நாங்கள் போகவில்லை. எங்களுக்கு முக்கியம் 2005இல் இங்கே நடந்த ஒரு சின்ன விடயம். அவர் பிறந்தது 1988இல். பாஸ்போர்ட்டில் 1982 என்று போடப்பட்டது. பதினேழு வயசுப் பிள்ளைக்கு இருபத்து மூன்று ஆனது. அந்த 'சின்னத் திருத்தம்' செய்ததால்தான் அவரால் போக முடிந்தது. குழந்தை பார்க்கத் தெரியாத ஒரு குழந்தையின் கையில் நான்கு மாதக் குழந்தை கொடுக்கப்பட்டது. பிறகு நீதிமன்றத்தில் அவருக்கு வயது குறைவு என்று வாதாடியபோது குறுக்கே நின்றது அதே பாஸ்போர்ட்தான்.

அந்தத் திருத்தம் இன்றைக்கும் வேறு வேறு பெயரில் நடக்கிறது. வயசு, அனுபவக் கடிதம், பிள்ளைகளின் எண்ணிக்கை, சுற்றுலா விசா. 2013இல் பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டு, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் போக முடியாது என்றானபோது, பிள்ளைகள் காகிதத்தில் காணாமல் போனார்கள். விதி கடுமையாகும்போதெல்லாம் அதைத் தாண்டும் வழியை விற்பவருக்குத்தான் வியாபாரம் கூடியது என்பது எங்களுடைய கருத்து. இந்தக் கருத்தில் எங்களுக்குள் இரண்டு பேர் உடன்படவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

சுற்றுலா விசாவைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் வெளியான ஓமான் விவகாரம் ஞாபகம் இருக்கும். விசிட் விசாவில் டுபாய் வழியாகக் கொண்டுபோகப்பட்ட பெண்கள் ஓமானில் விற்கப்பட்டதாகச் செய்தி வந்தது. மஸ்கட்டில் இலங்கைத் தூதரகத்தில் பணியாற்றிய அதிகாரி ஒருவரே கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அதற்குப் பிறகு 'தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை' என்று போனவர்கள் மியன்மாரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட செய்தி. 2024இல் முன்னாள் இராணுவத்தினர் 'ரஷ்யாவில் பாதுகாப்புப் பணி' என்று போய் உக்ரேன் போர்முனையில் நின்ற செய்தி. நாடு வேறு, வேலை வேறு, ஆனால் மூன்றிலும் சொல்லப்பட்ட வசனம் கிட்டத்தட்ட ஒன்று: "முதல்ல விசிட்ல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்." பணியகத்தில் பதியாமல் வேலைக்குப் போனால் காப்புறுதி கிடையாது, அங்கே பிரச்சினை வந்தால் உங்கள் பெயர் எந்தக் கோப்பிலும் இருக்காது.

இப்போது, இதையெல்லாம் கேட்டுவிட்டு நகரத்து நண்பர்கள் சிலர் சொல்வதும் எங்களுக்குத் தெரியும். "படிக்காத சனம், சொன்னாலும் கேக்காது." இந்த வசனத்தை எங்களால் பொறுக்க முடியவில்லை.

ஊர் சப் ஏஜென்ட் என்ன செய்கிறார் என்று ஒரு முறை பட்டியல் போட்டுப் பார்த்தோம். வீட்டுக்கு வருகிறார். தமிழில் பேசுகிறார். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை என்றால் கச்சேரிக்குக் கூட்டிப் போகிறார். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க வைக்கிறார். மெடிக்கலுக்கு வேனில் ஏற்றிப் போகிறார். மகன் ஆஸ்பத்திரியில் என்றால் கைமாற்றுக் கொடுக்கிறார். ஜனாஸாவுக்கு வருகிறார். அரசாங்கம் இதில் எதைச் செய்கிறது? பணியகத்தின் தலைமையகம் பத்தரமுல்லையில். புத்தளத்திலிருந்து கொழும்புக்கு 130 கிலோமீட்டர், கற்பிட்டியிலிருந்து இன்னும் கூட. விடிய நாலு மணி பஸ்ஸில் ஏறிப் போனால் அங்கே கவுன்டரில் சிங்களம். படிவத்தில் தமிழ் இருக்கும், விளக்கம் சொல்ல ஆள் இருக்காது. ஒரு நாள் கூலி போய், பஸ் காசு போய், 'நாளைக்கு வாங்க' என்ற ஒரு வசனத்தோடு திரும்பி வருவது. இந்த நிலையில் சப்பை நம்புவது அறியாமையா? அது கணக்குப் போட்டுப் பார்த்த புத்தி. அந்தப் புத்தியைத்தான் அவர்கள் விற்றுக் காசாக்குகிறார்கள்.

சப் ஏஜென்ட்டின் பலமும் ஆபத்தும் ஒன்றுதான்: அவர் சொந்தக்காரர். சாச்சாவின் மச்சானிடம் ரிசீட்டுக் கேட்க முடியுமா? கேட்டால் "என்னையே நம்பல்லியா?" என்பார். உம்மாவுக்கு வெட்கமாகிவிடும். ரிசீட்டு இல்லாத இரண்டு லட்சம், காகிதம் இல்லாத வாக்குறுதி, எல்லாம் இந்த வெட்கத்தின் மேல்தான் நிற்கிறது. லைசன்ஸ் ஏஜென்சியிடம் இருக்கும், சப்பிடம் இருக்காது. அவர் கொழும்பு ஏஜென்சியின் ஊழியர் என்று எழுத்தில் இருக்காது. பிரச்சினை வந்தால் ஏஜென்சி "அவர் யாரென்றே தெரியாது" என்று சொல்லிவிடும். நீங்கள் காசு கொடுத்தது அவரிடம்.

ஆகவே எங்களுடைய கருத்து இதுதான்: ஏஜென்ட்டிடம் நல்ல மனசை எதிர்பார்க்காதீர்கள், காகிதத்தை எதிர்பாருங்கள். மனசு நல்லதாக இருந்தாலும் அது 90ஆவது நாள் வரைக்கும் தாங்காது.

என்ன காகிதம்? 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின் கீழ் லைசன்ஸ் இல்லாமல் யாரும் ஆள் சேர்க்க முடியாது. லைசன்ஸை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஆகவே சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருக்கும் லைசன்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம், திகதியைப் பாருங்கள். பணியகத்தின் இணையத்தளத்தில் ஏஜென்சிகளின் பட்டியல் இருக்கிறது. 1989 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தும் கேட்கலாம். ஏஜென்சி உண்மை என்று தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. அந்த ஏஜென்சிக்கு அந்த நாட்டில், அந்த வேலைக்கு, அத்தனை பேருக்குப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்பதுதான் மற்றப் பாதி. நல்ல லைசன்ஸ் உள்ள ஏஜென்சியின் பெயரைச் சொல்லி இல்லாத வேலையை விற்பது இப்போது சாதாரணம். விசா வருமுன் மூலப் பாஸ்போர்ட்டைக் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள், பிரதி போதாதா என்று கேளுங்கள். பணியகம் அனுமதித்த தொகைக்கு மேல் ஒரு ரூபா கேட்டாலும் அதற்கு ரிசீட்டு வேண்டும். ரிசீட்டில் சப்பின் பெயர் இல்லை, ஏஜென்சியின் பெயர் வேண்டும். ஒப்பந்தத்தைக் கையெழுத்து வைக்கும் முன் போனில் போட்டோ எடுத்து வீட்டுக்கும் எங்களைப் போல இங்கிலீசு வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். காகிதத்தைத் திருப்பி வாங்கலாம், வட்ஸ்அப்பில் போனதை யாராலும் வாங்க முடியாது.

சம்பளத்திலும் ஒரு விடயம். கட்டாரில் 2021 மார்ச் முதல் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். வீட்டுப் பணியாளருக்கும் அதுதான். தங்குமிடம் கொடுக்காவிட்டால் அதற்கு 500, சாப்பாடு கொடுக்காவிட்டால் 300 மேலதிகம். "900 ரியால், நல்ல கம்பனி" என்று ஓர் ஏஜென்ட் சொன்னால் அவருக்கு அந்த நாட்டுச் சட்டம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவர் நினைக்கிறார்.

குறிப்பிட்ட தொழிலுக்கு மட்டும் ஆள் எடுக்கும் நிறுவனங்கள் இப்போது கூடி வருகின்றன. தாதியர், பராமரிப்பாளர், வெல்டர், ஹோட்டல் சமையல். இவற்றில் உண்மையானதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அனுபவத்தில் கிடைத்த ஒரு வழி இருக்கிறது. அவர் உங்களிடம் முதலில் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். வெல்டருக்கு ஆள் எடுப்பவர் எந்த வெல்டிங், எத்தனை வருஷம், எந்த மெஷின் என்று கேட்பார். செய்து காட்டச் சொல்வார். கையைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிப்பார். தோற்றால் போகச் சொல்வார். தோற்க வழியில்லாத இன்டர்வியூ இன்டர்வியூ இல்லை. 40 பேர் வந்தால் 40 பேரும் பாஸ் என்றால் அங்கே பரீட்சை பார்த்தது உங்கள் தொழிலை இல்லை, பொக்கெட்டை.

கொரியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கரையில் அதற்கு மவுசு கூடுதல். 2004 முதல் நடக்கும் ஈபிஎஸ் முறையில் மீன்பிடித் துறையும் இருக்கிறது. வள்ளத்தில் வளர்ந்த பொடியனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. ஆனால் அந்த முறையில் ஏஜென்ட்டே கிடையாது. அரசும் அரசும் செய்துகொண்டது. கொரிய மொழிப் பரீட்சை எழுதி, பாஸாகி, பட்டியலில் பெயர் வந்து, கொரிய முதலாளி அந்தப் பட்டியலிலிருந்து உங்களைத் தெரிவு செய்தால்தான் வேலை. பரீட்சையில் பாஸானவர்களிலேயே வேலை கிடைக்காமல் காத்திருப்பவர்கள் உண்டு. பணியகத்தாலேயே 'இவரை எடு' என்று சொல்ல முடியாத இடத்தில், புத்தளம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கும் ஒருவர் 'நான் போட்டுத் தாரன்' என்கிறார். மொழி வகுப்புக்குக் காசு கட்டுங்கள், அது நியாயம். 'போட்டுத் தருவதற்கு'க் கட்டாதீர்கள்.

அரசிடம் நாங்கள் கேட்பது பெரிய விடயம் இல்லை. பிரதேச செயலகங்களில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அவர்கள் இருப்பதே பலருக்குத் தெரியாது. கிழமைக்கு ஒரு நாள் அவர்கள் பள்ளிவாசல் முற்றத்துக்கும் கோயில் மண்டபத்துக்கும் சேர்ச்சுக்கும் வந்து உட்கார்ந்து, தமிழில், ஒரு லைசன்ஸ் நம்பரைப் பார்த்துச் சொன்னால் போதும். சப் வீட்டுக்கே வருகிறார் என்றால் உத்தியோகத்தர் முற்றத்துக்காவது வரலாமே. பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒரு கேள்வி: ரமழானில் நன்கொடை கொடுக்கும் ஹாஜியார்களில் எத்தனை பேர் ஏஜென்சி வைத்திருக்கிறார்கள், அவர்களைப் பற்றி வரும் முறைப்பாட்டை நீங்கள் எப்போதாவது எடுத்து விசாரித்திருக்கிறீர்களா?

அந்தத் தம்பியின் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். நாங்கள் சொன்னதால் அவர் 1989க்கு எடுத்தார். மூன்றாவது முறைதான் ஆள் கிடைத்தது. சாச்சாவின் மச்சான் சொன்ன ஏஜென்சியின் பெயர் பட்டியலில் இருந்தது, லைசன்ஸும் உயிரோடு இருந்தது. பிறகு அந்த ஏஜென்சிக்கே போன் போட்டுக் கேட்டார். கட்டாரில் சுப்பர்மார்க்கெட் வேலைக்கு இப்போது தங்களிடம் எந்த ஓடரும் இல்லை என்றார்கள், அந்த மனிதரின் பெயரையும் தெரியாது என்றார்கள். தெரியாது என்றது உண்மையா என்பது வேறு விடயம். தம்பி கட்டவிருந்தது மூன்று லட்சம், அதில் ஒரு லட்சம் ஏற்கனவே கொடுத்தாயிற்று. ரிசீட்டு இல்லை.

மச்சான் கோபித்துக்கொண்டார். ஊரில் தன் மானத்தை வாங்கிவிட்டதாகச் சொன்னார். உம்மா இரண்டு நாள் தம்பியோடு பேசவில்லை. போன வெள்ளிக்கிழமை அவர் அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், சாப்பிட்டு, பெண்ணுக்கு மோதிரம் போட்டு, வரும்போது கேட்டு வாங்கி வந்திருக்கிறார். காசை இல்லை, காசு தவணையில் வருமாம். பாஸ்போர்ட்டை. அது இப்போது வீட்டு அலுமாரியில், உம்மாவின் சாரிகளுக்கு அடியில் இருக்கிறது.